யாரும் சாகாத வீட்டுக்கு ஐம்பது நாற்காலி

— மாலையக் கீழ வைங்க லட்சுமணன் அண்ணே. இங்க யாரும் சாகல.

— மனசைத் தேத்திக்கோ ஷைலாம்மா. மொதல்ல எல்லாரும் இப்டித்தான் சொல்லுவாங்க. எங்க அப்பன் பூட்டப்போ, தூங்குறாரு தூங்குறாருன்னு சாயங்காலம் வரிக்கும் நானே சொல்லிகினு இருந்தேன்.

— அண்ணே, அந்தத் துணிய விலக்கிப் பாருங்க.

— மாட்டேன். பெரிய பொணம்னா சொல்லு, எத்தினி வேணாலும் தூக்குறேன். இந்த சேக்காட்டுல நான் தோள் குடுக்காத பாடை கெடையாது. சின்னப் புள்ள மூஞ்சை மட்டும் என்னால பாக்க முடியாது. ஜன்னலாண்ட போவசொல்லோ பாத்தேன், பெஞ்சு மேல வெள்ளத்துணி போத்தி, இத்தினூண்டா படுத்துகினு கீது. ஒடனே ஓடிப் போயி மாலை வாங்கியாந்தேன்.

— சரி, நானே விலக்குதேன். இப்ப பாருங்க.

— வேணாம்மா.

— கண்ணத் தொறங்கண்ணே.

— இன்னாம்மா இது. காலே இல்ல.

— பொம்மைண்ணே. இடுப்புக்குக் கீழ அதுக்கு ஒண்ணும் கிடையாது. தண்ணியில விழுந்து மூச்சு நின்ன பிள்ளைக்கு வாயில ஊதி, நெஞ்ச அமுக்கி உசுரக் கொண்டு வாரது இருக்குல்லா, சிபிஆருன்னு சொல்லுவாவ, அதப் பழகுறதுக்கு உள்ள பொம்மை. நான் பயிற்சி முடிச்சேம்லா, அந்த டீச்சர்ட்ட இன்னிக்கு ஒரு நாளைக்குன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

— பொம்மைக்கு இன்னாத்துக்கு வெள்ளத்துணி?

— தூசி பட்டா அவுக வைவாவ. வீட்டுல சுத்தமா இருந்தது அந்த வேட்டிதான்.

— அப்போ ஜெர்வினு? ஷெர்வினு?

— ரெண்டு பயலுவளும் காலையிலயே காட்டுப்பாக்கத்துல அவனுவ அத்தை வீட்டுக்குப் போயாச்சு. இப்பந்தான் போன் போட்டானுவ. பிரியாணி சாப்பிடுதானுவளாம்.

— பிரியாணி துன்றானுங்களா. முருகா, நான் இன்னா பண்ணி வெச்சிகீறேன்.

— என்ன பண்ணுனிய?

— ஒண்ணும் பண்ணல. சும்மா, ரெண்டு பேர்கிட்ட சொன்னேன்.

— யார் யார்ட்ட? ஒண்ணு விடாம சொல்லுங்க.

— எதுரூட்டு வசந்தா கிட்ட சொன்னேன்.

— வசந்தாக்காட்டயா. அப்பம் மேலத் தெரு வரைக்கும் போயிருக்கும். அப்புறம்?

— பந்தல் பாண்டியனுக்குப் போன் போட்டேன். ஒரு ஷாமியானா, அம்பது சேரு.

— அம்பது போதுமா?

— இன்னாம்மா கேக்குற?

— ஒண்ணுமில்ல, சொல்லுங்க. அப்புறம்?

— ஐஸு பொட்டி. சின்ன சைஸு இல்லன்னான். பெருசே குட்த்தனுப்பு, ஓரமாப் படுக்க வெச்சிக்கலாம்னேன்.

— அத வேண்டாம்னு சொல்லிருங்க. சேரும் ஷாமியானாவும் வரட்டும்.

— வரட்டுமா?

— இனி திருப்பி அனுப்புனா வண்டி வாடகை அவருக்கு நட்டம்லா. அப்புறம்?

— நம்மாளுங்க ஊட்டு எழவுன்னா மோளம் சொல்லுவேன். நீங்க கிறிஸ்டினாச்சேன்னு பேண்டு செட்டு சொல்லிட்டேன். எல்லாத்துக்கும் ஒரு மொறை கீதும்மா. அப்பால கோயில்ல துக்க மணி அடிக்கச் சொல்லி எம் பொண்டாட்டி அஞ்சலைய அனுப்பிகீறேன்.

— மணி அடிச்சாச்சா?

— காது குட்த்துக் கேளு.

— ஆமா, கேக்குது. அப்படின்னா கோயிலுக்கு அந்தப் பக்கம் உள்ளவுகளும் வருவாவ. அப்புறம்?

— உங்க ஊட்டுக்காரன்.

— அவுகளுக்குமா சொல்லிட்டிய?

— பெத்தவனுக்குச் சொல்லாம? ஃபேக்டரில ஓவர்டைம்ல கீறான்னு தெரியும், போன் போட்டு, பிரகாசம், உன் ஊட்ல சின்னது ஒண்ணு பூட்ச்சி நைனா, ஒடனே கெளம்பி வான்னு அழுதுட்டேன். அவன் மெதுவாக் கேக்குறான், தெருவுக்கு எல்லாம் சொல்லிட்டியா அண்ணாத்தேன்னு. அந்த நேரத்துலயும் மொறைய மறக்கல பாரு. அத்தோட கட் ஆயிட்ச்சி. இப்போ அட்ச்சா எடுக்கவே மாட்றான். கண்ணுல தண்ணியோட வண்டி ஓட்டிகினு வருவான், எவன் மேலயாச்சும் உட்டான்னா அந்தப் பாவமும் எனக்குத்தான்.

— அவுக பத்திரமா வந்துருவாவ, அத விடுங்க. அவ்வளவுதானே? வேற ஒண்ணும் இல்லயே?

— பிளெக்ஸு ஒண்ணு.

— என்ன பிளெக்ஸு?

— கண்ணீர் அஞ்சலி. தெரு முனையில கட்டணுமே. கடைக்காரன் போட்டோ கேட்டான். எந்தப் புள்ளன்னு எனக்குத் தெரில. போன கிறிஸ்மஸுக்கு ரெண்டு பேரும் செவப்புச் சட்டை போட்டுகினு நின்னாங்களே, அந்த போட்டோ என் போன்ல இருந்துச்சு. ரெண்டு மூஞ்சியும் போட்டு வை நைனா, தெரிஞ்சதும் ஒண்ணத் தூக்கிக்கலாம்னேன்.

— அண்ணே.

— இன்னாம்மா?

— இப்பவே அந்தக் கடைக்குப் போன் போடுங்க. மத்தது எது வேணா நடந்துட்டுப் போகட்டும். அது மட்டும் அச்சாகக் கூடாது. போடுங்கண்ணே, பாத்துட்டு நிக்காதிய.

— போடுறேன், போடுறேன். அலோ, நைனா, லட்சுமணன் பேசுறேன். அந்தக் கண்ணீர் அஞ்சலி வேணாம். இல்ல நைனா, வேற கடைக்குப் போவல. செத்தவன் பிரியாணி துன்னுகினு கீறானாம். யோவ், நான் குடிக்கலய்யா. அழிச்சிடு. மொத்தமா அழி.

— அச்சாயிருச்சா?

— இல்லியாம். மூஞ்ச சுத்திப் பூ வெச்சிகினு இருந்தானாம். அழிச்சிட்டான். நீ இன்னாத்துக்கும்மா அழுவுற? பொம்மைதானேன்னு எனக்கு நீதான் சொன்ன.

— அந்தப் பிளெக்ஸு போன வருசமே நம்ம தெருவுல தொங்கியிருக்கும்ணே. ஷெர்வின் தண்ணி சம்ப்புக்குள்ள விழுந்த அன்னிக்கி.

— அதான் தொங்கலியே. நாந்தான் காப்பாத்திட்டனே.

— ம்.

— இன்னா ம்? லாரித் தண்ணி வந்துச்சு, சம்ப்பு மூடி தொறந்து கெடந்துச்சு, புள்ள உள்ள பூட்டான். நான் எறங்கித் தூக்குனேனா இல்லியா?

— தூக்குனிய. அதுக்கு நான் சாவுற மட்டும் உங்களக் கும்பிடுவேன்.

— தூக்கி, ரெண்டு காலையும் புட்ச்சி, தலைகீழா என் தலைக்கு மேல கரகரன்னு சுத்துனேன். தண்ணி கொடகொடன்னு கொட்டிச்சி. புள்ள பொழச்சிகினான். தெருவே பாத்துச்சு.

— கொட்டுனது வயித்துல கிடந்த தண்ணிண்ணே. மூச்சு வரல. நீங்க சுத்துன நேரம் பூரா எம் பிள்ளைக்கு மூச்சு இல்ல. உதடு நீலமாப் போச்சு, நான் பாத்துட்டே நிக்கேன். மாடியில குடியிருந்தாள்லா ஷாரன், நர்சிங் படிச்ச பொண்ணு, அவ ஓடி வந்து உங்க கையிலருந்து அவனப் பிடுங்கித் தரையில கிடத்துனா. வாயோட வாய் வச்சு ஊதுனா, நெஞ்ச அமுக்குனா, திரும்ப ஊதுனா. அதுக்குப் பெறகுதான் அவன் இருமுனான்.

— அவ சும்மா கடசீல வந்து கையி வெச்சா.

— அவ வராட்டா அவன் இல்லண்ணே.

— இத்த ஒரு வருசமா நீ என்னாண்ட சொல்லவே இல்லியேம்மா.

— எப்படிச் சொல்ல? எம் பிள்ளைக்காகக் கொஞ்சமும் யோசிக்காம அந்தக் குழிக்குள்ள குதிச்ச மனுசன். உங்க முகத்தப் பாத்து, நீங்க செஞ்சது தப்புன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல.

— டீக்கடையில, கல்யாணத்துல, எங்க போனாலும் துண்டை வெச்சி சுத்திக் காட்டிகினு கீறேன். போன மாசம் வெள்ளானூர் போயி எம் மச்சான் பசங்களுக்குக் கூட சொல்லிக் குட்த்துட்டு வந்தேன்.

— அதான் எனக்கு ராத்திரி தூக்கமே வர மாட்டேங்கு. நாளைக்கு வேற பிள்ளை விழும். நீங்க காட்டுன மாதிரியே நாலு பேரு அதச் சுத்துவாவ. ஷாரனும் வேலை கிடைச்சுக் கோயம்புத்தூர் போயிட்டா. இப்ப நம்ம தெருவுல இது தெரிஞ்சவ நான் ஒருத்திதான். நான் அந்த நேரம் மார்க்கெட்டுல நின்னா என்ன செய்ய? அரைப் பரீட்சை லீவு விடப் போறாவ, மழை பேஞ்சு ஏரி நிறைஞ்சு கிடக்கு, எந்த வீட்டுச் சம்ப்புக்கும் ஒழுங்கா மூடி கிடையாது.

— கிளாஸு கீசு வைக்கலாமில்ல?

— வைக்கலாமில்லயா? கோயில்ல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அறிவிச்சோம். தெரு வாட்சாப்புல போட்டேன். கோயில் ஹாலுல பொம்மைய வச்சுக்கிட்டு நானும் அந்த டீச்சரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருந்தோம். ஒரே ஒரு ஆள் வந்தாவ. அதும் காணாமப் போன செருப்பத் தேடி.

— நானும் வரலாம்னுதான் பாத்தேன்.

— பெறகு ஏன் வரல?

— நீ கூப்புடவே இல்லியேம்மா. வாட்சாப்புல போட்டா அது கூப்டதா? ஊட்டாண்ட வந்து, வெத்தல பாக்கு வெச்சி, அண்ணே, அண்ணியையும் இட்டுனு வாங்கன்னு சொல்லணும். நல்ல காரியத்துக்குக் கூப்டாம போனா, சோத்துக்கு அலையுறான்னு சொல்ல மாட்டாங்க?

— சாவுக்கு?

— சாவுக்கு எவன் கூப்புடுவான்? காதுல உழுந்தா போவணும். கையில சோறு இருந்தாலும் ஒதறிட்டுப் போவணும். எல்லாத்துக்கும் ஒரு மொறை கீதும்மா.

— அப்பம் இன்னிக்கு எல்லாரும் வருவாவ.

— வருவாங்க இன்னா, வெளில எட்டிப் பாரு. பாண்டியன் சேரு எறக்கிட்டான். மேலத் தெரு ஆம்பளைங்க அதுல உக்காந்துகினு பேப்பர் படிக்கிறாங்க. அய்ய, அஞ்சலை வர்றா. வாய வேற தொறந்துட்டா.

— எங் கண்ணே, எஞ் செல்லமே, ஏரித் தண்ணி குட்ச்சியோ, எமன் வந்து தூக்குனானோ, பால் மணம் மாறாத வாய மூடிகினு படுத்துட்டியே.

— அஞ்சலை, நிறுத்து. பொம்மைடி அது.

— நடுவுல பேசாதய்யா, ராகம் பூடும். எங் கண்ணே, ஓடி ஆடுன காலு ஓஞ்சி கெடக்குதே, காலு, காலு எங்கய்யா?

— கெடையாது.

— ரயிலு ஏறிட்ச்சா?

— மைனி, இங்க வாங்க, தொட்டுப் பாருங்க. ரப்பர். ஜெர்வினும் ஷெர்வினும் அத்தை வீட்டுல நல்லா இருக்கானுவ. அண்ணன் ஜன்னல் வழியாப் பாத்துத் தப்பா நினைச்சிட்டாவ.

— தப்பா நெனச்சாரா? யோவ், நான் தெருவெல்லாம் மார்ல அட்ச்சிகினு வந்து கீறேன். தொண்ட கட்டிப் பூட்ச்சி. மொத்தத் தெருவும் அடுப்ப அணச்சிட்ச்சி. வசந்தா கொதிக்கிற மீன் கொழம்ப அப்டியே எறக்கி மூடி வெச்சிட்டு வந்து கீறா. எழவு இல்லன்னு தெரிஞ்சுது, அந்த சட்டிய உன் தலையில கவுத்துடுவா.

— அதான் நான் பின்னால சந்து வழியா போறேன். ஷைலாம்மா, கேட்டா நான் ஊருக்குப் பூட்டேன்னு சொல்லிடு.

— எங்கயும் போகாண்டாம். இங்க வாங்க. பொம்மை பக்கத்துல முட்டி போடுங்க.

— எதுக்கு?

— போடுங்கண்ணே. இதுதான் ஷெர்வின்னு நினைச்சுக்கிடுங்க. சம்ப்புலருந்து இப்பந்தான் தூக்கியிருக்கிய. தட்டிக் கூப்பிட்டுப் பாத்தாச்சு, அசைவு இல்ல, மூச்சு இல்ல. மைனி, நீங்க நூத்தியெட்டுக்குப் போன் போடுதிய. அண்ணே, நெத்தியில கை வச்சுத் தலையக் கொஞ்சம் பின்னால சாய்ச்சு, தாடைய மேல தூக்குங்க. மூக்கப் பிடிச்சிக்கிட்டு வாயில ஊதுங்க. நெஞ்சு மேல எழும்பணும்.

— எழும்புதே.

— இன்னும் நாலு வாட்டி ஊதுங்க. ஆச்சா? இப்பம் நெஞ்சுக்கு நடுவுல ஒரு கை. சின்னப் பிள்ளைக்கு ஒரு கை போதும். அமுக்குங்க. அப்படி மெதுவா இல்ல, நல்லா அமுக்குங்க, விடுங்க, அமுக்குங்க.

— உள்ள டொக்கு டொக்குன்னு சத்தம் வருதே.

— அந்தச் சத்தம் வந்தா சரியா அமுக்குதியன்னு அர்த்தம். வேகம் பத்தாது.

— எவ்ளோ வேகம்மா?

— எப்படிச் சொல்ல? சாவு மோளம் அடிக்கும்போது தெருவுல ஆடுவியள்லா, அந்த வேகம்.

— அட, அத்த மொதல்லயே சொல்லக் கூடாதா?

— பாருங்க மைனி, எவ்வளவு அழகா வருது. முப்பது வாட்டி அமுக்கிட்டு ரெண்டு வாட்டி ஊதணும். வண்டி வார வரைக்கும் நிறுத்தப்படாது. அண்ணே, போதும். அண்ணே. எழும்புங்க.

— இருமா. இன்னும் கொஞ்சம்.

— யோவ், இன்னாய்யா, அழுவுறியா? பொம்மைய்யா அது.

— தெர்யும்டி. அன்னிக்கி இத்த நான் பண்ணிருக்கணும். அது தெரியாம புள்ளையத் துணி தொவைக்கிற மாதிரி சுத்திகினு நின்னேன்.

— தெரியாமத்தானேண்ணே. இப்பந் தெரிஞ்சாச்சுல்லா.

— எனக்குத் தெரிஞ்சிட்ச்சி. நான் சுத்திக் காட்டுனவனுக்கு எல்லாம் எவன் சொல்றது?

— எல்லாரும் வெளியத்தான உக்காந்திருக்காவ.

— எழவுக்கு வந்தவங்களுக்கா கிளாஸு எடுக்கச் சொல்ற? அடிப்பாங்கம்மா.

— அடிக்க மாட்டாவ. அடுப்ப அணைச்சாச்சு, குளிக்காம வீட்டுக்குள்ள போக முடியாதுன்னு நினைச்சிக்கிட்டு வந்திருக்காவ, சேரும் போட்டாச்சு, நிழலும் இருக்கு. வீட்டுல பிள்ளை உள்ளவுக எத்தன பேரு அந்தக் கூட்டத்துல. எல்லாருக்கும் இப்ப வயித்துல ஒரு பயம் இருக்கும், நம்ம வீட்டுலயும் இப்படி ஆயிருமோன்னு. இந்த நேரம் சொன்னாத்தான் ஏறும். நான் முதல்ல சம்ப்பு மூடியப் பத்திச் சொல்லுதேன், பூட்டு போடாத வீட்டுக்கு நானே பூட்டு வாங்கித் தாரேன். ஏரியில யாரும் விழுந்தா பின்னாலயே குதிக்கப்படாது. கம்ப நீட்டணும், காலி டிரம்ம எறியணும், சேலைய முறுக்கி வீசணும்.

— சேலையவா? எந்தச் சேலைய?

— கட்டியிருக்கிறத மைனி. வேற எத?

— பட்டா இருந்தா?

— நடுவுல பேசாதன்னு என்னச் சொன்னியே, இப்போ நீ பேசாம இருடி. ஷைலாம்மா, நான் மொதல்ல போறேன். போயி, எவனும் சாவல, எல்லாரும் உக்காருங்க, லட்சுமணன் போன வருசம் சுத்துனது தப்பு, சரியானது இதுன்னு நானே சொல்றேன்.

— தப்புன்னு சொல்லாண்டாம்ணே. வெறுமனே காட்டுனா போதும்.

— இல்லம்மா. நான் சொன்னாத்தான் இன்னொருத்தன் சுத்த மாட்டான். வசந்தா சட்டியக் கவுத்தா கவுக்கட்டும்.

— நான் பக்கத்துல நிக்கிறேன்யா. சட்டிய நான் புட்ச்சிக்கிறேன். எனக்கும் அந்த ஊதுறதக் காட்டு ஷைலா. ஒப்பாரி வெச்சே மூச்சுப் புடிக்கப் பழகுனவ, உங்க எல்லாரையும் விட நல்லா ஊதுவேன்.

— ஊதுங்க மைனி, உங்களுக்குத்தான் மொத வாய்ப்பு. பொம்மையத் தூக்குங்கண்ணே, வெளிய போவோம்.

— தூக்குறேன். ஆனா ஷைலாம்மா, மனசு ஒரு பக்கம் அட்ச்சிகினே கீது. பிரகாசம் என்ன ஆனானோ. பாவம், எந்தப் புள்ளையோ ஏதோன்னு நெனச்சிகினு வருவான். இந்தத் தெருவுல நான் எவ்ளோவோ பண்ணிகீறேன், ஒரு தகப்பன் வயித்துல இப்டி நெருப்ப வெச்சது இல்ல. அவன் வந்து என்னைச் செருப்பால அட்ச்சாலும் நின்னு வாங்கிக்குவேன்.

— ஷைலா, உம் போனு அடிக்குது பாரு. பிரகாசந்தான்.

— குடுங்க மைனி, நான் பேசுதேன்.

— நீ பேசாதம்மா. நான் வெச்ச நெருப்ப நாந்தான் அணைக்கணும். அஞ்சலை, குடுடி அத்த. எதுல அமுக்கணும், இதுலயா? சத்தமா வை, அவன் அழுவுறது எல்லாருக்கும் கேக்கட்டும், நான் எல்லார் எதுர்லயும் மன்னிப்புக் கேக்குறேன்.

— அண்ணே, வேண்டாம். போனக் குடுங்க. சொன்னாக் கேளுங்க, ஸ்பீக்கர்ல போடாதிய.

— அலோ, ஷைலா? நீ சொன்னா மாதிரியே லட்சுமணன் அண்ணாத்தே அழுதுகினு போன் பண்ணிட்டாரு. நான் சமோசா கடையாண்ட கீறேன், தெரு மொத்தமும் வந்துட்ச்சா, நூறு போதுமா?